எர்மிந்தா என் பையைத் திறந்தது

1

இந்தக் கதை ஒரு நன்றியில் பிறந்தது. நேரில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். சிலி நாட்டின் வல்பராய்சோவில் ரொட்டி சுடுகிறவன் நான். சைரன் கேட்டால் மாவுக் கையோடு ஓடும் தன்னார்வத் தீயணைப்பாளன். ‘நான்’ என்று எழுதக் கூசுகிறது. இனி அவன் பெயர் லிசார்தோ.

2

முதல் தொடக்கம்: பிப்ரவரிக் கோடைக் காற்று மலைமேட்டில் எரியும் யூகலிப்டஸ்களை... (வேண்டாம். காற்றை எல்லோரும் எழுதிவிட்டார்கள்.)

இரண்டாவது: லிசார்தோ பையை அடுக்கினான். தலைவிளக்கு, புகைக்கண்ணாடி, சாக்ஸ், வறுத்த கடலை, தண்ணீர். எல்லாவற்றுக்கும் மேலே, தன் கால்பந்து அணியின் பச்சைச் சட்டை. அதை உள்ளே போட்டுக்கொண்டு போனால் தனக்கு ஒன்றும் ஆகாது என்பது அவன் நம்பிக்கை.

(குறிப்பு: அது நைலான். சூடு பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவனே லிசார்தோதான். இப்படியும் ஒருவன் இருப்பானா என்று கேட்பீர்கள். இருந்தான், என்ன செய்ய.)

3

நிலையத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: அடுத்தவர் பையில் கை வைக்கக் கூடாது. தீயணைப்பு வண்டி ஓட்டும் எர்மிந்தா வைத்தாள். மலைக்குப் போகும் வழியில் மாவுச் சட்டையைக் கழற்றிவிட்டு லிசார்தோ பையைத் திறந்தால், பச்சைச் சட்டை இருந்த இடத்தில் பழைய பருத்திச் சட்டை.

“எவன் என் பையில கை வச்சது?”

“எவனும் இல்ல, நாந்தான்,” என்றாள் எர்மிந்தா, திரும்பாமல். “அந்த பிளாஸ்டிக்க மாட்டிக்கிட்டு வெந்து வரப்போறியா?”

“திருட்டுக் கை உனக்கு! இனி என் மூஞ்சிலயே முழிக்காத.”

“முழிக்கல சாமி. முதல்ல அதப் போடு.”

வேறு வழியில்லை, போட்டுக்கொண்டான். மாலையில், தீயின் நடுவே, கழுத்துப் பட்டி வழியே ஏதோ உள்ளே விழுந்து முதுகில் சுருக்கென்றது. பார்க்க நேரமில்லை.

4

திரும்பியதும் நிலையத் தலைவரிடம் புகார் சொன்னான். சட்டம் சட்டம்தான் என்று அவளை நீக்கினார்கள். எல்லோர் முன்னிலையிலும் எர்மிந்தா தலைக்கவசத்தை மேஜையில் வைத்தாள், வண்டிச் சாவியை வைத்தாள், போய்விட்டாள். பதினோரு வருடம் அந்த வண்டியை ஓட்டியவள்.

வீட்டில் சட்டையைக் கழற்றியபோதுதான் பார்த்தான். தோள்பட்டைக்குக் கீழே துணி கருகி, கட்டைவிரல் நுழையும் ஓட்டை. தோலில் பயறளவு சிவப்பு. அவ்வளவுதான். நைலானாக இருந்திருந்தால் முதுகே போயிருக்கும்.

அப்படியே எழுந்து அவள் வீட்டுக்கு ஓடி... (ஓடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அழுதான்.)

5

முடிவு ஒன்று: எர்மிந்தா வருகிறாள், எல்லோரும் கைதட்டுகிறார்கள். தித்திப்பு தாங்கவில்லை.

முடிவு இரண்டு: கதவைச் சாத்துகிறாள். எழுதக் கை வரவில்லை.

நடந்தது இது. இன்று காலை புகாரைத் திரும்பப் பெற்றேன். ஓட்டைச் சட்டையை எல்லோர் முன்னாலும் விரித்துக் காட்டினேன். தலைவர் ஓட்டையில் கட்டைவிரலை நுழைத்துப் பார்த்துவிட்டு, “சரிப்பா, ஆனா அவ வரணுமே,” என்றார்.

இந்தத் தாளைச் சூடான ரொட்டியோடு அவள் வாசலில் வைக்கப் போகிறேன். எர்மிந்தா, நான் முழுசாக இருப்பது உன்னால்தான். நன்றி.

வாசகரே, அவளை வரவைப்பது எனக்கு ஒரு வரி வேலை. நீங்களும் அதைத்தான் கேட்பீர்கள். எழுத மாட்டேன். அவளுக்காக மற்றவர்கள் முடிவெடுத்தது ஒரு முறை போதும்.