ஒரு சுற்று நடந்துவிட்டு வா

“நீ வாயத் திறந்து பேசுவியா, மாட்டியா?”

லோகன் வாணியிடம் முதன்முதலாகக் கேட்ட கேள்வி இதுதான். கிள்ளானில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழே, கார் நிறுத்துமிடத்தில் உறுமி மேளக் குழு பயிற்சி செய்யும். பல நாளாகத் தூணுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வகுப்பில் எழுந்து நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்றும் பதில் சொல்லாமல் உறுமியைக் கைகாட்டினாள். பையன்கள் சிரித்தார்கள். குழுவை நடத்தும் லோகன் சிரிக்கவில்லை. தன் உறுமியின் வாரைக் கழற்றி அவள் தோளில் மாட்டி, வளைந்த குச்சியைக் கையில் கொடுத்தான். அவள் தோலின்மேல் குச்சியை அழுத்தி இழுத்தாள். முதல் உறுமலிலேயே சிரிப்பு அடங்கிப் போனது.

அன்றிலிருந்து குழுவில் அவளுக்கு ‘ஊமை’ என்று பெயர். அதைக் கேட்டு அவளுக்குக் கோபம் வந்ததில்லை. தோளில் உறுமி தொங்கும்போது யாரும் அவளிடம் எதையும் கேட்பதில்லை. உலகத்தில் அவளுக்கு அப்படி இருந்த இடம் அது ஒன்றுதான்.

இப்போது அந்த உறுமிக்கு ஒரு நிபந்தனை வந்திருந்தது. குழுவின் சின்னம் ஒரு வேல். அதன் கீழே எழுபத்தொன்று என்ற எண். குழு தொடங்கிய அடுக்குமாடி ப்ளோக்கின் எண் அது. பையன்கள் எல்லோரும் முன்கையின் உட்புறத்தில் அதைப் பச்சை குத்திக்கொண்டாகிவிட்டது. அடுத்த வாரம் கோயில் திருவிழா. புது ஜெர்சி அரைக்கை. “எல்லார் கையும் ஒரே மாதிரி தெரியணும். சின்னம் இல்லாதவங்க மேளத்தத் தொடக்கூடாது” என்று லோகன் சொல்லிவிட்டான். மிச்சம் இருந்தது வாணி மட்டும்.

அவள் யோசிக்காமல் இல்லை. தினமும் சாயங்காலம் குளிக்கப் போகும் முன்னால் பேனாவால் கையில் அதை வரைந்து பார்ப்பாள். வேல் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. எண் வந்ததும் அது வேறு யாருடைய கையோ போலத் தெரிந்தது. தமிழ்ப் பையன் கையில் நம்பர் இருந்தால் குண்டர் கும்பல் என்றுதான் ஊரில் நினைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவள் அம்மா வீரம்மா, நேர்முகத்துக்கு வந்த ஒருவனைக் கையைப் பார்த்துவிட்டு வாசலோடு அனுப்பிவிட்டதாகச் சாப்பிடும்போது சொல்லியிருக்கிறாள். சோப்புப் போட்டுத் தேய்த்தால் பேனா மை போய்விடும். மறுநாள் மறுபடி வரைவாள்.

பெண்தான் குத்த வேண்டும் என்று மட்டும் கேட்டாள். அதனால்தான் இன்று லோகனோடு கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்திருந்தாள். செண்ட்ரல் நிலையம் நெருங்கியபோது லோகன் பைக்குள்ளிருந்து நீளக்கைச் சட்டை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டான். “ஏர்கோன் குளிருதுலா” என்றான். அவளுக்கும் குளிரத்தான் செய்தது.

கைப்பேசிக் கடைக்கு மேல்மாடியில் மார்க்கிரட்டின் பச்சை குத்தும் கடை. குட்டை முடி வைத்த பெண். வலக்கை முழுக்கப் பூவும் மீனும். இடக்கை வெறுமை. வாணி அதையே பார்ப்பதைக் கவனித்தவள் சொன்னாள்:

“சர்ச்சுல எங்கம்மா இந்தப் பக்கம்தான் உக்காருவாங்க. அதனால இந்தக் கைக்கு லீவு.”

வாணிக்குச் சிரிப்பு வந்தது. லோகனுக்கு வரவில்லை.

“அக்கா, சீக்கிரம் ஆரம்பிங்க. சாயங்காலம் ப்ராக்டிஸ் இருக்கு.”

“முதல் டேட்டூவா?” மார்க்கிரட் வாணியைத்தான் கேட்டாள். அவள் தலையசைத்ததும் கையைத் துடைத்து, சின்னம் அச்சடித்த தாளை அழுத்தி ஒட்டி, மெல்ல உரித்தாள். ஊதா மையில் வேலும் எண்ணும் தோலில் இறங்கியிருந்தன.

“இப்ப கீழ போ. ஒரு சுத்து நடந்துட்டு வா. மை இது, தேச்சாப் போயிரும். வந்து ‘சரி’ன்னு சொன்னா ஊசிய எடுக்கிறேன்.”

“என்னக்கா இது புதுசா இருக்கு? என் பசங்களுக்கு ஒரே மூச்சுல குத்திட்டாங்க.”

“அது அவங்க கடை, தம்பி. இது என் கடை.”

கீழே வெயில். வாணி கையை வயிற்றோடு ஒட்டி வைத்து நடந்தாள். “கையத் தொங்கவிட்டு நட, ஊமை! திருவிழாவுல இப்படியா மேளம் அடிப்ப?” என்றான் லோகன். தொங்கவிட்டாள். பூக்கடைகளைத் தாண்டும்போது கை தன்னைவிடக் கனமாக இருந்தது. வடைக் கடையில் காசை நீட்டினாள். கடைக்கார அக்கா ஒருமுறை அவள் கையைப் பார்த்தாள். மீதிச் சில்லறையை உள்ளங்கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துத் தள்ளினாள். பக்கத்தில் நின்ற பெண்மணி தன் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“பாத்தியா, பயப்படுறாங்க” என்றான் லோகன், வடையைக் கடித்தபடி. அவன் குரலில் சந்தோஷம் இருந்தது.

ரயில் நிலையத்துக்குப் போகும் படிக்கட்டின் அடியில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் தமிழர். அவர் கண் வாணியின் கையில் விழுந்து அங்கேயே நின்றது.

“தங்கச்சி, இங்க வா. ஐ.சி. குடு.”

கொடுத்தாள். அவர் அடையாள அட்டையைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

“கிள்ளானா? என்ன நம்பர் இது? எந்த குரூப்பு?”

மேளக்குழு என்று சொல்ல வேண்டும். ப்ளோக் நம்பர் என்று சொல்ல வேண்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் லோகனைப் பார்த்தாள். இதைச் சொல்ல வேண்டியவன் அவன்தான். அவன் நீளக்கையை விரல் மடிப்பு வரை இழுத்து, ஓரத்தைக் கட்டைவிரலில் கொக்கி மாதிரி மாட்டியிருந்தான்.

“நீ யாரு? உனக்கும் இருக்கா?”

“இல்ல போஸ். நான் சும்மா கூட வந்தேன். பக்கத்து வீட்டுப் பொண்ணு. கடைக்குத் துணைக்கு வான்னுச்சு.”

இவ்வளவும் மூச்சு விடாமல் சொன்னான். வாணிக்குக் காது அடைத்தது. அந்தக் கையை அவள் எத்தனை சாயங்காலம் பார்த்திருக்கிறாள்! மேளத்தின்மேல் அது எழும்பி இறங்கும்போது வேல் மின்னும். அதைப் பார்த்துத்தானே தன் கையில் வரைந்தாள்.

“தங்கச்சி, உன்னத்தான் கேக்குறேன். ஸ்டேஷனுக்கு வந்து சொல்றியா?”

அவள் கட்டைவிரலை எச்சிலில் நனைத்தாள். எண்ணின்மேல் வைத்துத் தேய்த்தாள். எண்ணின் கடைசி இலக்கம் கலைந்து ஊதாத் தீற்றலாக நீண்டது.

“மை தான் சார்” என்றாள். குரல் வெளியே வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். “இன்னும் குத்தல. உறுமி மேளக் குழு. நம்பர் எங்க ப்ளோக்கோடது.”

அவர் குனிந்து பார்த்தார். கூட இருந்தவரிடம் மலாயில் ஏதோ சொன்னார். மற்றவர் சிரித்தார்.

“நல்லாத்தான் போட்டிருக்காங்கலா. சரி, போ” என்று தமிழர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் லோகன்தான் பேசிக்கொண்டே வந்தான். போலீஸ்காரனிடம் அப்படித்தான் பேச வேண்டும், இரண்டு பேரும் மாட்டினால் யார் ஜாமீன் எடுப்பது, இதெல்லாம் ஒரு மேட்டரா? அவள் அவன் கையைப் பார்த்தபடி நடந்தாள். அவன் இழுத்துவிட்ட சட்டைக்கை இன்னும் விரல்வரை மூடியே இருந்தது.

மாடியில் மார்க்கிரட் தீற்றலைப் பார்த்தாள்.

“தேச்சிட்டியா?”

“வேற ஒன்னு ஒட்டுங்கக்கா” என்றான் லோகன். “டைம் இல்ல. வாணி, உக்காரு.”

ஊமை என்று கூப்பிடவில்லை. அதை அவள் கவனித்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். மார்க்கிரட் புதுத் தாளை எடுத்துவிட்டு ஒட்டாமல் நின்றாள். ஜெர்சிகள் அடங்கிய பை லோகன் தோளில் கிடந்தது. அதில் ஒன்றின் முதுகில் தன் பெயர் அச்சடித்திருப்பது அவளுக்குத் தெரியும். கிள்ளானில் உறுமி காத்திருந்தது. இந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போதும்.

“லோகன் அண்ணே.”

“என்ன?”

“நான் குத்திக்கிறேன். நம்பரும் சேத்தே குத்திக்கிறேன்.” கையை மார்க்கிரட் பக்கம் நீட்டினாள். “முடிஞ்சதும் ரெண்டு பேரும் அந்தப் படிக்கட்டு வழியாவே போவோம். நீங்களும் சட்டக் கைய மடிச்சு விட்டுட்டு வாங்க.”

லோகன் சிரிக்கப் பார்த்தான். மார்க்கிரட் கையில் தாளோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாணியும் பார்வையை எடுக்கவில்லை. அவன் கட்டைவிரல் சட்டையின் ஓரத்துக்குள் இருந்து வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனது.

“இப்ப மடிச்சு விட்டாக்கூடப் போதும்ணே” என்றாள் வாணி.

லோகன் தோள்பையின் வாரைச் சரிசெய்தான். கதவைத் திறந்தான். படிகளில் அவன் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது.