வார்னிஷுக்கு மேலே ஒரு கோடு

பழைய ஓவியங்களுக்கு வைத்தியம் பார்ப்பவள் என்பதால் அந்தத் தெருக் கடைக்காரர்கள் எல்லோரும் அவளை டாக்டரம்மா என்றே கூப்பிட்டார்கள். கிண்டலாக ஆரம்பித்த பெயர்தான். அவளோ அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டுவிட்டாள். வெள்ளைக் கோட்டு, தலையில் மாட்டிய பூதக்கண்ணாடி, பேச்சில் ஒரு மிடுக்கு. "நோயாளின்னா என் நோயாளிங்கதான். வலிக்குதுன்னு கத்தவே மாட்டாங்க" என்பாள். அதே பட்டறையின் மறுபாதியில் படச்சட்டம் செய்கிற அவள் கணவர், "பொழச்சாங்களா செத்தாங்களான்னும் சொல்ல மாட்டாங்க" என்பார்.

படத்தில் படிந்த கரியை எடுக்க அவளுடைய முதல் மருந்து எச்சில். குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் தொட்டு, படத்தின் மேல் மெல்ல உருட்டுவாள். கேட்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் கரியை அவ்வளவு பதமாக எடுக்க அதைவிட நல்ல சரக்கு கிடையாது. "மத்தவங்க துப்பினா அபராதம், இவ துப்பினா வைத்தியம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் கணவர் சொல்லிச் சிரிப்பார்.

அவளிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. நல்ல பழக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். மனிதர்களின் உடம்பில் ஏதாவது இருந்தால் பார்க்க மாட்டாள். மாறுகண், தீக்காயம், சூம்பிய விரல், எதையும். நாளெல்லாம் விரிசலையும் கிழிசலையும் தேடுகிற கண் ஆயிற்றே, சும்மா இருக்காது என்று அவளுக்கே தெரியும். அதனால் யாராக இருந்தாலும் நெற்றியைப் பார்த்துப் பேசுவாள். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தாள்.

நீச்சல் டீச்சர் படத்தைக் கொண்டுவந்த அன்றும் அப்படித்தான். கழுத்தில் விசில், ஈரம் காயாத முடி, குளத்தின் எதிர்க்கரைக்குக் கேட்கிற குரல். பழைய போர்வையில் சுற்றிய படத்தை மேஜை மேல் வைத்துப் பிரித்தாள். உள்ளே இருந்தது அவளுடைய கொள்ளுப்பாட்டி. அவள் சொல்லித்தான் அது தெரிந்தது. பல காலத்துப் புகையும் மஞ்சளித்துப்போன வார்னிஷும் சேர்ந்து மூடியதில் ஒரு காது, ஒரு நாற்காலிக் கை, மடியில் கோத்த விரல்கள், அவ்வளவுதான் மிச்சம்.

டீச்சரின் மேல் உதட்டில் ஒரு தழும்பு இருந்தது. பிறக்கும்போதே பிளந்திருந்த உதட்டைத் தைத்த தழும்பு. டாக்டரம்மா வாசலிலேயே அதைப் பார்த்துவிட்டாள். உடனே கண்ணை நெற்றிக்கு ஏற்றிவிட்டாள்.

"என் பொண்ணுக்காகத்தான் இது, டாக்டரம்மா. பன்னெண்டு வயசாகுது. ஸ்கூல்ல போட்டோ எடுத்தா வாயைப் பொத்திக்கிட்டு நிக்கறா. சாப்பிடறப்பகூட யாரையும் பாக்க விடமாட்டா. இவங்களை அவ நல்லா பாக்கணும். இவங்க மூஞ்சில என்னன்னா…"

"மூஞ்சிதானே? பளிச்சுனு வந்துடும்." பேச்சு எங்கே போகிறது என்று புரிந்ததுமே டாக்டரம்மாவுக்குக் காது சூடாகிவிட்டது. "நீங்க எதுவும் சொல்ல வேண்டாம்மா. படமே என்கிட்ட சொல்லிடும்."

டீச்சர் அவளை ஒரு கணம் பார்த்தாள். "சரி. உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

படம் சொல்லத்தான் செய்தது. கரி போனதும் கன்னம் வந்தது, கண் வந்தது, யாருக்கும் பயப்படாத ஒரு பார்வை வந்தது. டாக்டரம்மாவுக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போயிற்று. ஒரு மதியம் திரையை இழுத்து அறையை இருட்டாக்கி, புற ஊதா விளக்கைப் போட்டாள். அந்த விளக்கில் பழைய வார்னிஷ் பச்சையாக மின்னும். வார்னிஷ் பூசிய பிறகு யாராவது மேலே வண்ணம் வைத்திருந்தால் அந்த இடம் மட்டும் கறுப்பாகத் தெரியும். மேல் உதட்டிலிருந்து மூக்கு வரை கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது.

திரையை விலக்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். உதடு அந்த இடத்தில் சற்று மேலே இழுபட்டதுபோல் வரைந்திருந்தது. சந்தேகமே இல்லை. படம் முடிந்து, காய்ந்து, வார்னிஷும் பூசிய பிறகுதான் அந்தக் கோடு வந்திருக்கிறது. வார்னிஷுக்கு மேலே இருப்பது ஓவியனின் கை அல்ல என்பது அவள் தொழிலின் அரிச்சுவடி.

"எவனோ கத்துக்குட்டி கிழிசலை அடைக்கறேன்னு உதட்டைக் கெடுத்து வெச்சிருக்கான்" என்றாள்.

கணவர் உளியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "அடியில கிழிசல் இருக்கா?"

"இல்ல."

"அப்ப எதை அடைச்சான்? எதுக்கும் அந்தம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடு."

மேல்பூச்சு எதை எடுப்பதாக இருந்தாலும் முதலில் சொந்தக்காரரைக் கேட்க வேண்டும். பட்டறைக்கு அந்தச் சட்டத்தைப் போட்டவளே அவள்தான். போனை எடுத்தாள். என்னவென்று கேட்பது? உதட்டில் ஒரு கோடு இருக்கிறது, எடுத்துவிடவா என்றா? உதடு என்ற சொல்லை அந்தப் பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது? வேறு சொல் தேடினாள். வாய்ப் பக்கம். மூக்குக்குக் கீழே. முகத்தின் கீழ்ப்பாதி. தேடத் தேட ஒவ்வொன்றும் முந்தியதைவிட அசிங்கமாக இருந்தது. மனதின் ஒரு மூலையில் இரண்டு உதடுகளும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றன என்பதும் உண்மை. அந்த மூலைக்கு அவள் போகவில்லை. போனை வைத்துவிட்டாள்.

"கேட்டியா?"

"வீட்டுக்காரங்களைக் கேட்டுக்கிட்டா டாக்டர் ஆபரேஷன் பண்ணுவாரு?"

"பின்னே? கையெழுத்தே வாங்குவாரு" என்றார் கணவர்.

அவள் காதில் வாங்காததுபோல் பஞ்சைக் கரைப்பானில் நனைத்து உருட்டினாள். மஞ்சள் வார்னிஷோடு அந்தக் கோடும் சேர்ந்து பஞ்சுக்கு வந்துவிட்டது. அடியில் அருமையான ஓர் உதடு இருந்தது, வில்லாக வளைந்து, துளி பிசிறு இல்லாமல். பஞ்சைக் குப்பையில் போட்டாள். எடுத்த கையோடு புது வார்னிஷும் பூசினாள். தன் கையைத் தானே முத்தமிட்டுக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

வண்ணம் உதிர்ந்தாலும், கான்வாஸ் கிழிந்தாலும், எவனாவது மேலே கிறுக்கியிருந்தாலும் அந்தப் பட்டறையில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், குறை. டீச்சரைப் போனில் கூப்பிட்டு, "குறையெல்லாம் எடுத்தாச்சு, வந்து பாருங்க" என்றாள்.

டீச்சர் மகளோடு வந்தாள். அந்தப் பெண் ஸ்வெட்டரின் கழுத்தை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு தாயின் முதுகை ஒட்டியே நடந்தாள். படம் ஜன்னலோரம் துணி மூடி நின்றது. துணியை இழுக்கிற இந்த ஒரு வேலையை மட்டும் டாக்டரம்மா யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. இழுத்தாள்.

யாரும் ஆகா என்று சொல்லவில்லை. பெண் படத்துக்கு மிக அருகில் போய் நின்று பார்த்தாள். பிறகு தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"நம்ம மாதிரின்னு சொன்னியேம்மா?"

"எங்கே அது?" என்றாள் டீச்சர்.

"எதும்மா?"

"உதட்டுல இருந்ததே, அது."

"அது பிற்பாடு யாரோ போட்டதும்மா. வார்னிஷுக்கு மேலே இருந்துச்சு. அந்தக் குறையைத்தான் நான்…" டாக்டரம்மா தான் சொன்ன சொல்லைத் தானே கேட்டு நிறுத்தினாள்.

"அது குறையா?" என்றாள் பெண். கோபமாகக் கேட்கவில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்பதுபோல் கேட்டாள்.

பேசியது டீச்சர்தான், அதுவும் எதிர்க்கரைக்குக் கேட்கிற குரலில் இல்லை.

"யாரோ இல்ல. வரைஞ்சவனேதான் போட்டான். முதல்ல இதே மாதிரி அழகா ஒரு உதட்டை வெச்சுக் கொடுத்துட்டுப் போயிட்டான். வீட்டுல எல்லாருக்கும் ஏகப்பட்ட சந்தோஷம். இவங்க மட்டும் கொஞ்ச நாள் பாத்துட்டு, அவனைத் திரும்பக் கூப்பிட்டு, 'யாருப்பா இவ, என் நாற்காலியில உக்காந்திருக்கா? என்னைப் போடு'ன்னாங்களாம். எதிர்ல உக்காந்து போட வெச்சாங்க. இந்தக் கதையைச் சொல்லித்தான் எங்கம்மா என்னை வளத்தாங்க. அன்னிக்கு நான் சொல்ல வந்ததும் இதைத்தான்."

விளக்கு பொய் சொல்லவில்லை. கோடு பிற்பாடு வந்ததுதான், வார்னிஷுக்கு மேலே இருந்ததுதான். ஓவியன் மறுபடி வருவான் என்றுதான் அவளுக்குத் தோன்றவில்லை. அந்த அம்மாள் வேண்டாம் என்று தள்ளிய உதட்டை அவள் தோண்டி எடுத்து, பளபளப்பாக்கி, திரும்ப மாட்டியிருக்கிறாள். டாக்டரம்மாவுக்கு அந்த வெள்ளைக் கோட்டைக் கழற்றி எங்காவது ஒளிக்க வேண்டும் போல இருந்தது. துணைக்குக் கணவரைப் பார்த்தாள். அவர் குனிந்து, இல்லாத மரத்தூளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே?" என்றாள் டீச்சர்.

அரிச்சுவடி இருக்கிறது, அதைச் சொல்லித் தப்பிக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளுக்கு அந்த ஒரு வழி மிச்சமிருந்தது. வாயையும் திறந்தாள். ஆனால் அந்தப் பெண் ஸ்வெட்டர் கழுத்துக்கு மேலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போனை எடுத்தேன்" என்றாள் டாக்டரம்மா. "எப்படிக் கேக்கறதுன்னு தெரியல."

"உதடுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சா?"

அவள் தலையாட்டினாள்.

"எனக்கே இல்லாத வெக்கம் உங்களுக்கு எதுக்குங்க?" டீச்சரின் குரல் இப்போது உயர்ந்தது. "அன்னிக்கும் என் நெத்தியைத்தான் பாத்தீங்க. இப்பவும் அங்கேதான் பாக்கறீங்க. என்னமோ அங்கே நோட்டீஸ் ஒட்டியிருக்கற மாதிரி. எல்லாரும் மரியாதையா இதைத்தான் பண்றாங்க. யாருமே பாக்கக் கூடாத ஏதோ ஒண்ணு தன் மூஞ்சில இருக்குன்னு இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க? கேலி பண்ணினவங்க இல்ல. உங்களை மாதிரி நல்லவங்கதான்."

நல்லவங்க என்ற சொல் டாக்டரம்மாவுக்கு அறை வாங்கியதுபோல் வலித்தது. "அந்தக் கோட்டை எடுக்கறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ ரெண்டு இருக்கு" என்று முனகினாள். போய் எடுத்தும் வந்தாள். ஒன்றில் புகைதான் தெளிவாக இருந்தது. விளக்கு வைத்து எடுத்ததில் கறுப்பாக ஒரு கோடு மட்டும்.

"போட்டோ வேண்டாம். அவன் எப்படிப் போட்டானோ அப்படிப் போடுங்க, ஆளைப் பாத்து." டீச்சர் முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "போனது போனதுதான், எனக்குத் தெரியும். ஆனா இந்த வாயை நான் என் வீட்டுச் சுவத்துல மாட்ட மாட்டேன்."

டாக்டரம்மா வண்ணம் குழைத்தாள். நினைத்தால் திரும்ப அழிக்கக்கூடிய வண்ணம். புது வார்னிஷுக்கு மேலே, மறுபடியும் பிற்பாடு வந்த ஒரு கை. வரைய டீச்சரைப் பார்க்க வேண்டும், அதற்குத் தைரியம் வரவில்லை.

"அம்மா, நில்லு" என்றாள் பெண். அவள் மேஜையில் கிடந்த போட்டோவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு இடது பக்கம். இவங்களுக்கு வலது பக்கம்."

பெண்ணின் கை ஸ்வெட்டர் கழுத்துக்குப் போயிற்று.

"எனக்கும் வலதுதான்."

டீச்சர் முக்காலியை விட்டு எழுந்தாள். பெண் வந்து உட்கார்ந்தாள். மடியில் விரல்களைக் கோத்துக்கொண்டாள், பிரித்தாள். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஸ்வெட்டரின் கழுத்தைப் பிடித்து மோவாய்க்குக் கீழே இறக்கிவிட்டாள்.

டாக்டரம்மா பூதக்கண்ணாடியை இறக்கி, தூரிகையோடு அவள் பக்கம் திரும்பினாள். இவ்வளவு நடந்த பிறகும் அவள் கண் போய் நின்றது பழகிய இடத்தில்தான்.

"ஆன்ட்டி" என்றாள் பெண். "அங்கே இல்ல. கொஞ்சம் கீழே."