புதுப்பை வாசம்

2024 மே 21, செவ்வாய்க்கிழமை முற்பகலில், மதுரை விளாங்குடியில் உள்ள ஹரிராமின் துணிப்பை அச்சகத்தில், மஞ்சள் பைகளில் ‘தூய காற்று நமது உரிமை’ என்று அச்சடித்துக்கொண்டிருந்த பாண்டிமீனா மயங்கி விழுந்தாள்.

மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் கம்பெனி ஒன்று சுற்றுச்சூழல் தினத்தன்று ஊருக்கு இலவசமாகக் கொடுக்கக் கேட்டிருந்த பைகள் அவை. மலையை அறுத்து விற்கிறவர்களுக்கும் வருஷத்தில் ஒரு நாள் காற்றின் மேல் அக்கறை வரத்தான் செய்கிறது.

மையைக் கரைப்பது நெடியடிக்கும் தின்னரில். அச்சுச் சட்டத்தின் வலைத்துணியில் மை அடைத்துக்கொண்டால் துடைப்பதும் தின்னரால். சாயங்காலம் கைக்கறை போகக் கழுவுவதும் அதே தின்னர்தான். தகரக் கொட்டகையில் மின்விசிறி இருந்தது. சுற்றினால் ஈர மையில் தூசி ஒட்டும் என்பதால் ஆயுத பூஜையன்று மட்டும் அதற்கு வேலை.

தெருமுனை கிளினிக் டாக்டர் பாண்டிமீனாவின் விரல் வெடிப்புகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தின்னரை விடணும், இல்லாட்டி வேலையை விடணும். இப்படியே போனா நரம்புல கொண்டுபோய் விட்டுரும்” என்றார். வேலையை விட முடியாது. கணவன் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தான். வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது.

ஹரிராம் இரக்கமில்லாதவர் என்று சொல்ல முடியாது. மறுநாளே ஆளுக்கொரு வாழைப்பழமும் ஒரு துண்டு வெல்லமும் கொடுத்தார். நெஞ்சுக்குள் போன எதையும் வெல்லம் இழுத்து வெளியே தள்ளிவிடும் என்பது முதலாளிமார் நெடுங்காலமாக நம்பிவரும் வைத்தியம். அதை அவர்கள் சாப்பிட்டுப் பார்த்ததாகத் தகவல் இல்லை. நெடிக்கு மாற்றாக ஒரு கட்டு ஊதுபத்தியும் வாங்கி வைத்தார்.

“தின்னர் டப்பாவுக்குப் பக்கத்துலயே பத்தி கொளுத்துறாரு மனுசன்” என்றாள் உடன் வேலை பார்க்கும் சின்னத்தாய். “மூச்சடைச்சுச் சாகத் தப்பினாலும் எரிஞ்சு சாகலாம்.”

அந்த வாரம் தின்னர் கொண்டுவந்து இறக்கிய அசீம், காஜிமார் தெருவில் மைக்கடை வைத்திருப்பவர். பாண்டிமீனா அவரை வாசலில் நிறுத்திக் கேட்டாள்.

“மயக்கம் வராத மை ஏதும் உங்க கடையில இல்லையா பாய்?”

“இருக்கே தங்கச்சி. மூணு வருஷமா இருக்கு. யாரும் கேக்கலை.”

மறுநாள் ஒரு டப்பாவோடு வந்தார். ஹரிராம் மூடியைத் திறந்து மூக்கருகே பிடித்தார்.

“என்ன பாய், வாசமே இல்ல? சரக்கு செத்துப்போச்சா?”

“தண்ணி மைண்ணே. வாசம் வராது.”

“வாசமே வராதது துணியில எப்படிப் பிடிக்கும்? காயவும் நேரமாகும்.”

“மே மாசத்துல மதுரையில நின்னுக்கிட்டு ஈரம் காயாதுன்னு சொல்ற மொத ஆளு நீங்கதாண்ணே.”

“அப்ப சட்டத்துலயே காஞ்சு அடைச்சுக்கிரும்.”

“இப்பத்தான காயாதுன்னீங்க?”

“ரெண்டும் நடக்கும்யா. என் ராசி அப்படி.”

அசீம் பாண்டிமீனாவிடம் டப்பாவைக் கொடுத்தார். அவள் ஒரு பையில் அச்சடித்தாள். வெயிலில் காயப்போட்டு, சூடாக இஸ்திரி போட்டு, சோப்புப் போட்டுக் கசக்கினாள். எழுத்து அப்படியே இருந்தது. சட்டத்தில் அடைத்ததை ஈரத்துணியால் துடைத்தாள், போய்விட்டது. ஹரிராம் பையை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, யோசிக்கலாம் என்றார்.

யோசனையை முடித்துவைத்தது ஒரு போன். கிரானைட் கம்பெனியின் பசுமைப் பிரிவு மேலாளர் சாய்பிரசாத் பேசினார். பை தயாராகும் இடத்தை வீடியோ எடுக்க வருகிறார்களாம், ‘நச்சில்லாப் பணியிடம்’ என்று சான்றிதழ்கூடத் தருவார்களாம். போனை வைத்ததும் ஹரிராம் தண்ணி மையின் நெடுநாள் ஆதரவாளர் ஆகிவிட்டார். டப்பாவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். ‘இங்கே நச்சு வேதிப்பொருள்களுக்கு இடமில்லை’ என்று வாசலில் பலகை எழுதச் சொன்னார். எழுத வந்தவர் பெயிண்டைக் கலக்க ஒரு டம்ளர் தின்னர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பலகை எதற்கோ இருக்கட்டும், மை மாறியது. நான்கு நாளில் பாண்டிமீனாவின் தலைவலி நின்றது. ஒருநாள் அடுப்பில் ரசம் கொதிக்கும்போது பெருங்காயம் மணத்தது. இவ்வளவு நாள் அது மணக்கவில்லை என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

முதல் லோடு போன அன்று சாய்பிரசாத் மறுபடி கூப்பிட்டார்.

“சார், புதுப்பை மாதிரியே இல்லையே. போன வருஷம் கட்டைப் பிரிச்சதும் ஹால் முழுக்க ஒரு வாசம் வந்துச்சு. இதுல ஒண்ணுமே இல்ல. பழசைத் துவைச்சுக் குடுத்துட்டாங்களான்னு எங்க எம்.டி. கேக்குறாரு.”

ஹரிராம் கால்மணி நேரம் கொட்டகையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு பாண்டிமீனாவைக் கூப்பிட்டார்.

“தின்னரை ஒரு ஸ்பிரே பாட்டில்ல ஊத்தி, கட்டுக்கு ரெண்டு அடி அடிச்சிரு. லேசா, கல்யாண வீட்டுல பன்னீர் தெளிப்பாங்கள்ல, அந்த மாதிரி.”

“மையில இருந்தத எடுத்துப்புட்டு மேல தெளிக்கிறதாண்ணே?”

“உள்ள இருந்தாத்தான் நஞ்சு. மேல அடிச்சா சென்ட்டு.”

“நான் தெளிக்க மாட்டேன்.”

“வேலை வேணுமா, வேணாமா?”

“வேணும்ணே. தெளிக்க மாட்டேன்.”

“பழம் குடுத்தேன், வெல்லம் குடுத்தேன். இம்புட்டும் செஞ்சதுக்கு இதான் மரியாதையா?”

“அந்த வெல்லத்தைச் சாப்பிட்டுட்டு நீங்களே தெளிங்கண்ணே” என்றாள் சின்னத்தாய். “நெஞ்சுல ஒண்ணும் தங்காது.”

மற்ற பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இருக்கிற ஆறு பேரையும் ஒரேயடியாக அனுப்பிவிட்டால் ஜூன் ஐந்துக்குள் பை போய்ச் சேராது என்ற கணக்கு ஹரிராமுக்குத் தெரியும். “போங்க, போய் வேலையைப் பாருங்க” என்றார். கட்டுகளைத் தன் அறைக்குள் அடுக்கச் சொன்னார். வாசம் வீணாகாமல் இருக்கக் கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு, தாமே தெளிக்கத் தொடங்கினார்.

மதியம் சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி ராதாமணி கதவைத் திறந்தபோது ‘தூய காற்று’க் கட்டின் மேல் அவர் கவிழ்ந்து கிடந்தார். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியவள், வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் திட்ட ஆரம்பித்து, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று தமிழிலும் ஒருமுறை திட்டினாள்.

டாக்டர், பாண்டிமீனாவிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னார். வெல்லம் சாப்பிட்டால் சரியாகாதா என்று ஹரிராம் கேட்டார்.

“சுகர் இருக்கா உங்களுக்கு?”

“இருக்கு டாக்டர்.”

“அப்ப வெல்லத்தையும் விட்டுருங்க.”

மிச்சப் பைகள் அவர் தெளித்த வாசத்தோடு உரிய தேதியில் போய்ச் சேர்ந்தன. கம்பெனிக்குத் திருப்தி, அடுத்த ஆர்டரையும் அதே வாசத்தோடு கேட்டார்கள். சான்றிதழ் சட்டம் போட்டு வந்தது. அடுத்த வாரம் ஹரிராமின் அறைக்குள் தின்னர் கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவாயிற்று. பாண்டிமீனா தண்ணி மையில் அச்சடிக்கிறாள், சம்பளம் அதேதான். கொட்டகைக்குப் பின்னால் தகரம் வைத்து மறைத்து ஓர் அறை கட்டினார்கள். அதற்கு ஜன்னல் இல்லை. கட்டுகளுக்குத் தின்னர் தெளிக்கச் சமயநல்லூரிலிருந்து புதிதாக இரண்டு பெண்கள் வருகிறார்கள்.