முகம் பொருந்தவில்லை

அக்காவின் போனை முதலில் திட்டியது நான்தான். "முகம் பொருந்தவில்லை" என்று அது மறுபடியும் சொன்னபோது, "சனியன்! ஆஸ்பத்திரில இத்தனை நாள் சும்மா கிடந்துச்சுல்ல, கெட்டுப் போயிருக்கும்" என்றேன். துப்பட்டாவால் கேமராவைத் துடைத்தேன். அவளை ஜன்னல் பக்கம் திரும்பச் சொன்னேன். விளக்கையும் போட்டுப் பார்த்தேன். போனில் ஒரு குறையும் இல்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

பக்கவாதத்திலிருந்து அக்கா பிழைத்ததே பெரிது. ஆனால் முகத்தின் இடது பக்கம் தொங்கிப் போய்விட்டது. வாய் கோணி, ஒரு கண் பாதி மூடியபடி இருந்தது. அந்தப் பக்கம் உணர்ச்சியும் இல்லை. சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொஞ்சம் தேறட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று அத்தான் குளியலறைக் கண்ணாடியைக் கழற்றிப் பரணில் போட்டார். பீரோக் கண்ணாடி மேல் பேப்பர் ஒட்டினார். அக்கா கேட்டதற்கு, "பெயின்ட் அடிக்க ஆள் வராங்க" என்றார். முகத்தைப் பற்றி அவள் கேட்டபோதெல்லாம், "லேசா வீக்கம், வேற ஒண்ணுமில்ல" என்று எல்லோரும் பூசி மெழுகினோம். அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். வருகிறவரின் தாடையைப் பார்த்தே எந்த ஃபிரேம் பொருந்தும் என்று சொல்லிவிடுவாள். அவளிடம் போய் முகத்தைப் பற்றிப் பொய் சொல்ல எங்களுக்குத் துணிச்சல் வந்ததே பெரிய விஷயம்.

"நம்பர் போட்டுத் திறந்துபாருக்கா" என்றேன். அவளுக்கு நினைவில்லை. வாங்கிய நாள் முதல் முகத்தைக் காட்டியே திறந்தவள். மகள் பிறந்த தேதி, கல்யாணத் தேதி என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். அரை மணி நேரம் கழித்து முயலவும் என்றது போன்.

"எஜமான் உத்தரவு" என்றாள் அக்கா, குழறிய பேச்சில். இருவரும் சிரித்தோம். அவள் சிரிப்பதைப் பார்க்கத் தாளாமல், சார்ஜரைத் தேடுகிற மாதிரி நான் கட்டிலடியில் குனிந்துகொண்டேன்.

"கெட்டுப் போச்சுன்னா கடைக்குப் போலாம்" என்றாள்.

"நான் கொண்டு போறேன்க்கா. நீ எதுக்கு அலையணும்?"

"அது என் மூஞ்சியக் கேக்குது. நீ போய் எதைக் காட்டுவ?"

அத்தான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். போன் கெட்டுப் போச்சு என்று வாயை விட்டது நான், இனி எதைச் சொல்லித் தடுப்பது? தூசி ஆகாது என்று சொல்லி முகக்கவசம் மாட்டிவிட்டேன். காரில் வழியெல்லாம், கண்ணாடியைப் பார்க்காதபடி அவளை என் தோளில் சாய்த்துக்கொண்டு போனேன்.

பழுது பார்க்கும் கடைக்காரர் நல்ல மனிதர், அதுதான் வினையாயிற்று. வகுப்பில் இருந்ததால் அதுவரை பேச முடியாத அக்கா மகள், அப்போதுதான் என் அழைப்பை எடுத்து நம்பரைச் சொன்னாள். போன் திறந்துகொண்டது. அப்பாடா என்று நான் அக்காவை நாற்காலியிலிருந்து எழுப்பப் போனேன்.

"இருங்க மேடம், ஒவ்வொரு தடவையும் நம்பர் அடிச்சுக்கிட்டா இருப்பாங்க?" என்றார் அவர். "போன்ல ஒரு கோளாறும் இல்ல. பழைய முகம் பதிஞ்சிருக்கு, அவ்வளவுதான். புதுசா ஒரு தடவ பதிஞ்சிட்டா தீர்ந்துச்சு. மாஸ்க்கக் கழட்டுங்கம்மா."

பேசிக்கொண்டே போனை அக்காவின் முன்னால் பிடித்தார். நான் கையை நீட்டுவதற்குள் அவள் முகக்கவசத்தை இறக்கிவிட்டாள். கடைக்காரரின் பேச்சு பாதியில் நின்றது. திரையின் வட்டத்துக்குள் அக்காவின் முகம் வந்து நின்றது.

அக்கா கையைக் கொண்டுபோய்க் கன்னத்தில் வைத்தாள். திரையில் அந்தக் கை கன்னத்தைத் தொடுவது தெரிந்தது, கன்னத்துக்குத்தான் தெரியவில்லை.

"தலையை மெதுவாகத் திருப்பவும்" என்று எழுத்து வந்தது. திருப்பினாள். மறுபக்கமும் திருப்பச் சொன்னது. சொன்னபடி கேட்டாள். நாங்கள் சொன்ன பொய்யையெல்லாம் இப்படித்தான் கேட்டுக்கொண்டாளோ என்று நினைத்தபோது எனக்கு அழுகை முட்டியது.

"அக்கா, டாக்டர் சொன்னாரு, போகப் போக..."

"ம்" என்றாள்.

கடைக்காரர் போன் திரையை ஒருமுறை அணைத்து, மறுபடி அவள் முன் பிடித்தார். ஒரு நொடிகூடத் தயங்காமல் திறந்துகொண்டது. முகப்பில் அக்காவின் படம் இருந்தது. வேலை பார்க்கும் கடையில் புது ஃபிரேம் ஒன்றை மாட்டிக்கொண்டு, பல் தெரியச் சிரித்தபோது மகள் எடுத்தது.

அக்கா வாயோரத்து எச்சிலைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். படத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இனிமே இவளுக்குத் திறக்காதுல்ல?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "திறக்காதும்மா" என்றார்.