மூலைக்கு முதலில்

மூலைக்கு முதலில் கொடுக்க வேண்டும், இடது மூலை, பிறகு வலது மூலை, அதற்கப்புறம்தான் பையின் வயிறு, நான்காய் மடித்த பட்டுப் புடவையோடு என் கை பைக்குள் மணிக்கட்டு வரை போகிறது, உள்ளே தோல் வாசனை, புதுப் பணக்காரி வாசனை என்று என் மாமியார் முகத்துக்கு நேரே சொன்னாள், சொல்லிவிட்டுப் போகட்டும், வாங்கும்போது உள்ளே இருந்த காகிதச் சுருள்கள் நைந்து பை ஒரு பக்கமாகச் சரியத் தொடங்கியபோது எனக்கு வந்த பதற்றம் என் மகனுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட வந்ததில்லை, பீரோவுக்குள் கையை விட்டேன், அகப்பட்டது அந்த அரக்கு நிற ஆரணிப் பட்டு, பச்சைக் கரை, மெல்லிசு, உள்துணியைக் கீறாது, என் புதுவீட்டுக்கு அக்கா எடுத்துக் கொடுத்தது, நான் ஒருநாளும் கட்டாதது, எவ்வளவு பொருத்தமாகப் போயிற்று என்று சந்தோஷப்பட்டேன், வெட்கமே இல்லாமல் சந்தோஷப்பட்டேன்.

அக்கா குணசுந்தரி ஆம்பூரில் பை தைக்கும் கம்பெனியில் கைப்பிடி தைக்கிறாள், தைத்தாள், எனக்கு இன்னும் இது சரியாக வருவதில்லை, இருபத்திரண்டு வருஷம் ஒரே மிஷின், நான் காலேஜ் சேர்ந்தபோது கழிவுத் துண்டுகளைக் கேட்டு வாங்கி எனக்கொரு பை தைத்தாள், ஏழு வகைப் பழுப்பு, ஹாஸ்டல் பெண்கள் முகர்ந்து பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், ஊருக்குப் போகும் ரயிலில் வாலாஜா தாண்டியதும் ஜன்னல் வழியாக அதை வீசினேன், தொலைந்துவிட்டது என்றேன், சரி விடு பாப்பா வேற தச்சித் தரேன் என்றாள், வேண்டாம் என்று நான் கத்திய கத்தலில் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள், அப்போது அம்மா இருந்தாள். என் முதல் விலையுயர்ந்த பையை துபாயில் வாங்கினேன், கடைக்காரப் பெண் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு எடுத்துக் காட்டினாள், அந்த மூக்கைப் பொத்திய பெண்களுக்காகவே வாங்கினேன், அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்களோ தெரியாது, அப்புறம் யாருக்காக என்ற கேள்வியே விட்டுப்போய் இரண்டு, மூன்று, ஐந்து, விலை கேட்கும் பெண்களைப் பார்த்தால் எனக்கு இளக்காரம், ஹோட்டலுக்குப் போனால் பைக்குத் தனி நாற்காலி கேட்பேன், தரையில் வைக்கக் கூடாது, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்ததில்லை.

தன் மகள் ஹேமாவுக்குக் கல்யாணம் என்று பத்திரிகையோடு அக்கா வருகிறாள், மாமா கீழே வாட்ச்மேனின் நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க இவள் மட்டும் முதலில் மேலே வந்துவிட்டாள், சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள், எதிரே நாற்காலியில் பை. அந்த ஆரணிப் பட்ட கட்டிகினு வா பாப்பா, நீ கட்டி நான் பாத்ததே இல்ல என்றாள். பீரோவில பத்திரமா வெச்சிருக்கேன் அக்கா, கண்டிப்பா கட்டிட்டு வரேன் என்றேன், பொய் என் வாயில் அவ்வளவு சரளமாக வரும். அதற்குள் அவள் கை பைக்குப் போய்விட்டது, தொழில்காரக் கை, சும்மா இருக்காது. கையத் துடைச்சிட்டுத் தொடு அக்கா என்றேன், அவள் முந்தானையில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டாள், கைப்பிடித் தையலைக் கட்டைவிரலால் நீவினாள், இது சோறு துன்னுட்டு வந்து ஒக்காந்து தச்சது, இங்க பாரு, கை சோர்ந்துகீது என்று சிரித்தாள், உள்தையல் பார்க்கிறேன் என்று கொக்கியைத் திறந்தாள், பச்சைக் கரை அவள் விரலோடு வெளியே வந்தது. காபி போடட்டுமா என்றேன். அவள் புடவை முழுவதையும் உருவி மடியில் போட்டு, உதறி, நான்காய் மடித்தாள், அதுவரை நான் சும்மா சுருட்டித் திணித்திருந்தேன். மூலைக்கு மொதல்ல குடுக்கணும் பாப்பா, அப்பறந்தான் வயிறு, இல்லன்னா பை குழிஞ்சிடும் என்று சொல்லிக்கொண்டே கம்பெனியில் பெட்டிக்குப் போகும் பைக்குச் செய்வதைப்போல் செய்தாள், மூடினாள், தன் விரல் பட்ட இடத்தை முந்தானையால் துடைத்தாள். மாமா மேலே வந்து பத்திரிகை வைத்ததும் காபி குடிக்காமல் போனார்கள். கதவைச் சாத்தியதும் தோலில் கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன், இல்லை, அப்பாடா என்றிருந்தது.

கல்யாணத்துக்கு வேறு புடவையில்தான் போனேன், பையோடு போனேன், அக்கா என் புடவையை ஒருமுறை பார்த்தாள், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, பைய இதுல வை பாப்பா, கீழ வெக்கக் கூடாதில்ல என்றாள், அது குத்தலா கரிசனமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, அதைக் கேட்டுக்கொள்ள அக்காவும் இல்லை, இரண்டு வருஷத்தில் காமாலை கண்டு போய்விட்டாள். புருஷன் இருக்கச் செத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வந்து போர்த்த வேண்டும், அம்மா இல்லை, அப்பா இல்லை, அண்ணன் தம்பி கிடையாது, பிறந்த வீடு என்றால் நான்தான். பைக்குள்ளிருந்து ஆரணிப் பட்டை உருவினேன். கோடி என்றால் கட்டாத புடவை, நான்தான் கட்டவே இல்லையே, அவள் கொடுத்ததை அவளுக்கே போர்த்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அழுதுகொண்டே காரில் போனேன், அந்த அழுகை எனக்கே பிடித்திருந்தது. ஹேமா அம்மாவின் தலைமாட்டில் நின்று புடவையை வாங்கி விரித்தாள், பையின் வளைவு அப்படியே மடிப்பாக விழுந்து கிடந்தது, தோல் வாசனை வந்தது, பெண்களின் ஒப்பாரி நின்றுபோயிற்று. ஹேமா புடவையை நான்காய் மடித்து என் கையில் வைத்தாள். எடுத்துக்கினு போங்க சித்தி, பை குழிஞ்சிடும் என்றாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள். அக்கா அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் என்று அப்போது தெரிந்தது. கம்பெனியில் அக்காவின் பக்கத்து மிஷின்காரி மும்தாஜ், கடையில் கொடுத்த மஞ்சள் பையிலிருந்து ஒரு சுங்குடிப் புடவையை எடுத்துக் கொடுத்தாள், எங்க அம்மாவுக்குப் பொறந்த வீடு இவங்கதான் என்று ஹேமா சொல்ல, அதைப் போர்த்தினார்கள், நான் செருப்புகள் கிடந்த இடத்தில் புடவையும் கையுமாக நின்றேன், உட்காரச் சொல்ல யாருமில்லை.

அதற்குப் பிறகு ஒரு பையும் வாங்கவில்லை, கடைக் கண்ணாடியில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன், திருந்திவிட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம், திருந்தியவள் செய்யும் காரியமா இது, புடவையை வீட்டுக்கு வந்ததும் பைக்குள்ளேயேதான் திரும்ப வைத்தேன், மூலைக்கு முதலில் கொடுத்து, அக்கா சொன்னபடி. பிறகொரு நாள் ஐந்து பைகளையும் விற்றுவிட்டேன், பழைய பைகளை வாங்கும் பெண் வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாய்த் தடவிப் பார்த்தாள், நாலு பை தளர்ந்துவிட்டன, கடைசியைத் தூக்கி, இது மட்டும் புதுசு மாதிரியே நிக்குதே மேடம், உள்ள என்ன வெச்சிருந்தீங்க என்று கேட்டாள். பழைய துணி என்றேன். சொன்ன பிறகுதான் எனக்குக் காதில் விழுந்தது. அவள் அதை உருவி மேசையில் வைத்துவிட்டுப் பைகளோடு போய்விட்டாள். கட்டிப் பார்த்தேன், கொசுவம் நிற்கவில்லை, பத்து வருஷ மடிப்பு, என் இடுப்புக்கு அது பழகவே இல்லை, அவிழ்த்து மறுபடி நான்காய் மடித்துப் பை இருந்த தட்டிலேயே வைத்திருக்கிறேன், பையில்லாமல் பை வடிவத்தில் உட்கார்ந்திருக்கிறது, இடது மூலையை நிமிர்த்துகிறேன், பிறகு வலது மூலை, நடுவில் குழிந்துகொண்டே போகிறது, உள்ளே கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.