விஷம் இல்லாத விருந்து

அலுவலகத்தில் அவளுக்குப் பாசியம்மா என்று பெயர். கடல்நீரை அள்ளி வந்து மைக்ரோஸ்கோப்பில் சொட்டுச் சொட்டாகப் பார்த்து, விஷப்பாசி எப்போது பெருகும் என்று முன்கூட்டியே சொல்வது அவள் வேலை. கேட்காமல் இருப்பது இயக்குநர் வேலை. இருவருமே கடமை தவறியதில்லை.

அந்த வாரம் காற்று அடங்கிப்போய்த் தண்ணீர் சூடேறியது. செயற்கைக்கோள் படத்தில் கரையை நோக்கி ஒரு செம்பழுப்புத் திட்டு.

"சனிக்கிழமைக்குள்ள கரைக்கு வந்துடும் சார். சிப்பி எடுக்கறதை உடனே நிறுத்தணும். அதைத் தின்னா உதடு மரத்துப்போகும், மூச்சே நின்னாலும் நின்னுடும். வேகவெச்சாலும் விஷம் போகாது."

இயக்குநர் அறிக்கையில் 'விஷம்' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'கடல் சற்றே நிறம் மாறலாம்' என்று எழுதினார். "சனிக்கிழமை மேயர் புதுக் கடற்கரையைத் திறக்கிறார்மா. சிப்பி விருந்து வேற. கடலுக்கும் கொஞ்சம் நேரம் காலம் தெரிய வேண்டாமா?"

விருந்து அவளுடைய அண்ணன் ஓட்டலில்தான். வெள்ளிக்கிழமை மாலை திட்டு கரையைத் தொட்டதுமே அவனுடைய சமையலறையில் போய் நின்றாள்.

"அண்ணா, இந்தச் சிப்பியைப் போடாதே."

"மேயர் வர்றார்டி."

"வர்றது சரி. எப்படித் திரும்பிப் போவார்னு யோசி."

அண்ணன் யோசிப்பதற்குள் அண்ணி அவ்வளவையும் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டாள். "உங்களைப் பார்க்க ஜெயிலுக்கு நடையா நடக்க எனக்கு நேரமில்லை." அதிலிருந்து ஒரு பையளவு அள்ளிக்கொண்டு பாசியம்மா பரிசோதனைக்கூடத்துக்குப் போனாள்.

விருந்து அமர்க்களப்பட்டது. மேயர் இரண்டு தட்டு சாப்பிட்டார். இயக்குநர் மூன்று சாப்பிட்டுவிட்டு, நம் கடலின் தனிச்சுவை பற்றி மேடையில் உருகினார்.

திங்கட்கிழமை கூட்டத்தில் அவர் சிரித்த முகமாக இருந்தார். "அத்தனை பேர் சாப்பிட்டோம், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. முன்னறிவிப்பு புஸ்ஸுனு போச்சு. கடல் சுத்தம்னு எழுதிட்டேன், இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா."

அவள் பேனாவை மூடிவைத்தாள். உண்மையைச் சொன்னால் அண்ணன் மானம் கப்பலேறும். சொல்லாவிட்டால் ஊரே சிப்பி தின்னும்.

"சார், நீங்க சாப்பிட்டது நம்ம கடல் சிப்பி இல்லை. எங்க அண்ணன் வெளியூர்லேர்ந்து பெட்டியில வாங்கின ஐஸ் சிப்பி. நம்ம கடல் சிப்பி குப்பைக்குப் போச்சு. அதுல என்ன இருந்ததுன்னு இதோ." பரிசோதனை முடிவை மேசையில் வைத்தாள். அனுமதித்த அளவைப் போலப் பல மடங்கு விஷம்.

இயக்குநர் அந்தத் தாளை எடுத்துப் படித்தார். பிறகு, "ஃப்ரெஷ்ஷா இருந்ததே" என்றார். விஷத்தை விட அதுதான் அவரை அதிகம் தாக்கியிருந்தது.

மதியம் சிப்பி எடுக்கத் தடை வந்தது. மாலை தொலைக்காட்சியில் இயக்குநர், தாம் கண்கொத்திப் பாம்பாகக் கடலைக் கவனித்துவந்ததை விவரித்தார். ஊரில் ஒருவரும் மருத்துவமனைக்குப் போகவில்லை. ஆகவே அவளுக்கு ஒருவரும் நன்றி சொல்லவுமில்லை. அண்ணன் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். ஐஸ் சிப்பிக்காரன் என்று ஊர் அவனைக் கூப்பிட ஆரம்பித்திருந்தது.

மறுவாரம் அவள் படகில் நின்று தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தாள்.

"மீன் வாங்கலாமா?" என்றான் அண்ணன்.

"செத்து மிதக்கறதை வாங்காதே. மத்ததுல குடலைச் சுத்தமா எடுத்துடு."

"ம்" என்று சொல்லிவிட்டு வைத்தான். அவள் அடுத்த குப்பியை எடுத்தாள்.