ஓர் ஆள் நிற்கும் அளவு நாடு

லிப்னோவ் ஊரில் சலோமேயா டீச்சர் கரும்பலகையில் வரைந்த போலந்தின் எல்லைக்கோடு, வரைந்த அன்றே வெளியே நிலத்திலும் விழுந்தது. மழை அடித்தும் அழியவில்லை. கோட்டுக்கு உட்பட்ட இடத்தில் ருஷ்ய ஜாரின் உத்தரவுகள் யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. கைது செய்ய வந்த போலீஸ்காரர்கள் எதற்கு வந்தோம் என்று தலையைச் சொறிந்தார்கள், ஒரு குவளை மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். கைதிகளின் விலங்குகள் தாமே கழன்றன. போலந்து எந்த வரைபடத்திலும் இல்லாமல் போய் எழுபத்தைந்து வருடம் ஆகியிருந்தது. ஆகவே ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. வர வேண்டியது கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நூற்றாண்டின் ஐரோப்பிய அரசியலைச் சொந்த மொழியில் சொல்லிக்கொடுப்பது குற்றம் என்பதால், அவள் அதைத் தையல் வகுப்பு என்ற பெயரில் நடத்திவந்தாள். பன்னிரண்டு பெண்கள், மடியில் துணி. ஒருத்திக்கும் தைக்கத் தெரியாது. நம்பித் தன் கால்சட்டையைக் கொடுத்த போலீஸ் அதிகாரி யெஃபீம், இரண்டு காலும் ஒன்றாகத் தைக்கப்பட்ட நிலையில் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார், பாவம். தாராளவாதம் நடத்திய அன்று ஜன்னல்கள் தாமே திறந்தன. பழமைவாதத்துக்குக் கடிகாரம் நின்றது. சோஷலிசத்துக்கு எல்லார் கிண்ணத்திலும் பீட்ரூட் சூப் ஒரே மட்டத்துக்கு வந்தது. இவையெல்லாம் மறுநாளே சரியாகிவிட்டன. தேசியவாதம்தான் பலகையைவிட்டு இறங்கி வெளியே போனது.

ஜாருக்கு எதிரான கிளர்ச்சி தோற்ற வருடம் அவள் கணவன் தெயோஃபிலை சைபீரியாவுக்கு, இர்கூட்ஸ்க் நகரத்துச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். ஏழு வருடம் ஆயிற்று. அவன் தலையணையை அவள் இன்னும் உறை மாற்றாமல் வைத்திருந்தாள். எல்லைக்கோட்டை இர்கூட்ஸ்க் வரை இழுத்தால் அவன் விலங்கும் கழன்றுவிடும் என்று முதல் நாளே அவளுக்குத் தோன்றிவிட்டது. ஒவ்வொரு பாடத்திலும் எல்லை கிழக்கே சற்று நகர்ந்தது. பழைய உடன்படிக்கை, பழைய மன்னர் என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லுவாள். பெண்களும் எழுதிக்கொண்டார்கள். சலவைக்காரி ஒனா மட்டும் எழுதவில்லை. அவள் லித்துவேனியாக்காரி.

"டீச்சரம்மா, நடுவுல இருக்கிற ஜனங்கள என்ன பண்றதா உத்தேசம்?"

"அவங்களுக்கென்ன, நல்லாத்தான் இருப்பாங்க."

"ஜாரும் நம்மளப் பத்தி இதத்தான் சொன்னாரு. போன மாசம் எங்க ஊர உள்ள இழுத்துப் போட்டீங்களே, யாரக் கேட்டீங்க? எங்க அக்கா பெத்த பொண்ணு அம்மான்னு கூப்பிட வாயத் தொறந்தா உங்க பாஷைதான் வருது. அக்காவுக்குப் புரியல. ரெண்டு பேரும் உக்காந்து அழுவுறாங்க."

"வாய மூடுடி!" என்றாள் சலோமேயா. அதற்குமுன் வகுப்பில் யாரையும் அவள் அப்படிப் பேசியதில்லை. பிறகு பலகைக்கு முதுகைக் காட்டி நின்று வெகுநேரம் அழுதாள்.

மறுநாள் வீடுவீடாகப் போனாள். உங்கள் நாடு எதுவரை என்று கேட்டாள். இருபது வீட்டில் இருபத்தாறு நாடுகள் கிடைத்தன. ஒன்று கசாப்புக் கடையோடு முடிந்தது. கேட்காமலே சம்மதம் தெரிந்த ஆள் அவளுக்கு உலகத்தில் ஒருவன்தான். ஆனால் பலகையோ ஒரு நேரத்தில் ஒரு நாட்டைத்தான் தாங்கும். அவள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இர்கூட்ஸ்க் இருக்கும் இடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டாள்.

லிப்னோவ் மறுபடி ஜாருடையதாயிற்று. யெஃபீமுக்கு எல்லாம் ஞாபகம் வந்து, வகுப்பைப் பூட்டினார். பெண்கள் அவளோடு பேசவில்லை, ஒனாவைத் தவிர. எட்டாவது மாதம் தெயோஃபிலிடமிருந்து கடிதம் வந்தது. 'விறகுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு வெள்ளை வட்டம். உள்ளே நின்றால் விலங்கு கழல்கிறது, வெளியே கால் வைத்தால் மாட்டிக்கொள்கிறது. ஓர் ஆள் அகலம்தான். ஒட்டி நின்றால் இன்னொருவர் நிற்கலாம்.'

பிரயாண அனுமதி கேட்டு அவள் கவர்னர் அலுவலகத்துக்குப் போனாள்.

"எந்த நாட்டுக்கும்மா?" என்றார் குமாஸ்தா.

"போலந்துக்கு."

"அது எங்க இருக்கு?"

"இர்கூட்ஸ்க்ல. விறகுக் கொட்டகைக்குப் பின்னாடி."

குமாஸ்தா அப்படியே எழுதி முத்திரை குத்தி, அங்கே குளிர் அதிகம் என்று கம்பளி எடுத்துப்போகச் சொன்னார்.